காரணம் சொல்லாத மதினி

என் அண்ணனும் அவளும் பிரிந்து, கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு, அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அக்கா என்றால் நேற்று வரை இல்லாத உறவு. அண்ணனுக்கு அவள் பெண்டாட்டி இல்லை என்று ஆன பிறகு மதினி என்று கூப்பிட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று பயம். நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிற மெடிக்கலுக்கு அவள் மாத்திரை வாங்க வந்தபோது, எப்படியும் கூப்பிடாமலே பேசிவிடலாம் என்று பார்த்தேன். "வாங்க", "இருங்க", "இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடணும்" என்று கொஞ்ச நேரம் ஓட்டினேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"கோமு, மதினின்னே கூப்பிடு," என்றாள். "அது நீயும் நானும் கூப்பிட்டுக்கிடுதது. உங்க அண்ணனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

அதனால் இங்கேயும் மதினி என்றே எழுதுகிறேன். பெயரை எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாள். ஏன் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். அதுதான் மதினி.

எங்கள் வீட்டில் ஒரு இடத்துக்கு வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் ஜோடிக்க வேண்டும். அம்மா இதில் கெட்டிக்காரி. சடங்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் மூட்டுவலி வந்துவிடும். போன இடத்தில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு விரதம். நானும் அண்ணனும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். யாரிடமும் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மதினி மருமகளாக வந்தாள்.

வந்த வருஷம் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்கு வந்திருந்தார்கள். புது மருமகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் போய் நிற்க அம்மாவுக்கு ஆசை. மதினி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கூட்டத்துக்குள் நிற்க அவளுக்குப் பிடிக்காது. அம்மா அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தனக்குத் தெரிந்த உதவியைச் செய்யப் பார்த்தாள்.

"அப்போ தலைவலின்னு சொல்லிருதேன்."

"தலை வலிக்கலையே அத்தை."

"வயித்துவலின்னு சொல்லவா?"

"எனக்கு ஒரு வலியும் இல்ல. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் சோறு பொங்கி வைக்கேன்."

அம்மா தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம் தலைவலி என்றே சொன்னாள். அம்மன் தபசுக் காட்சி பார்த்துவிட்டு எல்லாரும் பசியோடு வீட்டுக்கு வந்தால், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் தயாராக இருந்தன. ஒரு சித்தி உட்கார்ந்ததும் முதல் வேலையாக, தலைவலி தேவலையா என்று விசாரித்தாள். மதினி துவையலை வைத்துக்கொண்டே, தனக்குத் தலைவலி எதுவும் இல்லை என்றும், கூட்டம் பிடிக்காததால் வரவில்லை என்றும் சாதாரணமாகச் சொன்னாள். அம்மா தன் இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. சித்தி மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, எனக்குமே கூட்டத்துக்குள்ள மூச்சு முட்டத்தான் செய்யும், வருஷா வருஷம் யாருகிட்டச் சொல்ல என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டாள்.

மதினி மறுக்கிற விதத்தில் வெடுக்கென்று எதுவும் இருக்காது. குரல் இன்னும் கொஞ்சம் தணியும். பக்கத்தில் இருந்தால் நம் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டுதான் சொல்லுவாள். சொன்ன பிறகு அதையே நினைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கமாட்டாள். அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். நமக்குத்தான் கொஞ்ச நேரம் கையும் காலும் எங்கே வைப்பது என்று தெரியாது.

அவள் கால்நடை ஆய்வாளர். திருவேங்கடம் பக்கத்து ஊர்களில் வேலை. மாட்டாஸ்பத்திரி அம்மா என்றுதான் ஜனங்கள் சொல்லுவார்கள். ஒரு தடவை கடைக்கு லீவு விட்ட நாளில் அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். கரிசல் காட்டுக்குள் ஒரு ஆட்டுக்கிடையில் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. ஆட்டுக்காரர் ஊரில் இல்லை. அவர் பெண்டாட்டி ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுத்தாள். அந்தம்மாவுக்குக் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். வீட்டுக்காரர் என்ன செய்யுதாரு, பிள்ளை எத்தனை, ஏன் கழுத்தில் ஒன்றையும் காணோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது பிரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அத எங்கிட்டக் கேக்காதீங்கம்மா," என்றாள் மதினி. "அந்தக் கிடா கழியுதுன்னு சொன்னீங்களே, எப்பயிருந்து?"

அந்தம்மா கொஞ்சமும் கோபித்துக்கொள்ளவில்லை. கிடாவின் கதைக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து, அடுத்த தடவை வரும்போது சாப்பிடுகிற மாதிரி வரவேண்டும் என்றும் சொன்னாள். மதினி வருகிறேன் என்றாள். அவள் வருகிறேன் என்றால் வருவாள்.

அன்றைக்கு நான் கவனித்த இன்னொன்றும் உண்டு. ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் கையை வைத்துக் கொஞ்சம் நிற்பாள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறதே, சட்டுபுட்டென்று போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். "அதுக்குப் பிடிக்காத ஒண்ணை நாம செய்யப் போறோம்லா. யாரு தொடுதான்னு அது பாத்துக்கிடட்டும்," என்றாள்.

அண்ணன் இதற்கெல்லாம் நேர் எதிர். ராஜபாளையம் ரோட்டில் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருக்கிறான். உள்ளே காயில் கம்பி எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தால், அது சரியாகிற நேரத்துக்குள் அந்த ஆளின் மகனுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும், மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை இருக்கிறான் என்பது வரை பேசி முடித்திருப்பான். பேச்சோடு விடமாட்டான். போன் போடுவான், கூடவே போவான். இப்படி அவனால் நல்லது நடந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். எனக்கு இந்தக் கடையைப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். யாருடைய வீட்டுக் காரியமும் தன் காரியம் இல்லை என்று அவனுக்குத் தோன்றியதே கிடையாது.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்றார்கள். மாமியார் என்றார்கள். மாட்டையும் ஆட்டையும் தொட்டுவிட்டு வருகிறவள் என்றுகூட ஒருவர் சொன்னார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அம்மா அழுதுகொண்டே மதினியிடம் கேட்டபோது, அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சேர்ந்து இருக்க முடியவில்லை அத்தை, இதற்கு மேல் சொல்லமாட்டேன் என்றாள். ஒரு பொய்க் காரணமாவது சொல்லியிருந்தால் அம்மா ஆறியிருப்பாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

பிரிந்த பிறகு மதினி கழுகுமலை ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டாள். வேறு ஊருக்கு மாறுதல் கேட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அண்ணன் அவளை விட்டுப் பிரிந்தானே தவிர, அவள் காரியத்தை விட்டுப் பிரியத் தெரியாமல் திண்டாடினான். தண்ணீர் வரவில்லை என்று அவள் வீட்டு ஓனர் எங்கேயோ சொல்ல, இவன் ஆள் அனுப்பினான். மதினி அந்த ஆளுக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். மழை நாளில் ஸ்கூட்டரில் போகாதே, பஸ்ஸில் போ என்று போன் பண்ணினான். அப்போது நான் அவள் வீட்டில் இருந்தேன். மாவு பிசைந்த கையோடு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அவன் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது. பழையபடியே, பெண்டாட்டியைக் கூப்பிடுகிற உரிமையில், ஏட்டி, கேக்கியா ஏட்டி என்று பேசிக்கொண்டு போனான்.

"ஏட்டி வேண்டாம்," என்றாள் மதினி.

அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ரோட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு என் அண்ணன், "சரிங்க," என்றான்.

மதினி மாவைப் பார்த்துக்கொண்டே, மழை விட்டுவிட்டது என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னைப் போனை அணைக்கச் சொன்னாள். அன்றைக்கே எனக்கும் ஒரு எல்லை வகுத்துக் கொடுத்தாள். நான் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவன் செய்தி அவள் வீட்டுக்குள் வரக்கூடாது. அவள் செய்தி அங்கே போகக்கூடாது. நான் சரி என்றேன். சொல்லும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியவில்லை.

கஷ்டம் ஒரு நாய் ரூபத்தில் வந்தது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற ஒருவர் தன் நாய்க்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். பிறகு நாய் இல்லாமலும் வந்திருக்கிறார். மதினியே என்னிடம் சொன்னாள். "பழகிப் பாக்கேன் கோமு," என்றாள். கல்யாணமா என்று கேட்டேன். அது தெரியவில்லை, பழகினால்தானே தெரியும் என்றாள். எங்கள் ஊரில் பழகிப் பார்ப்பதாக ஒரு அரசு ஊழியர், அதுவும் ஒரு கல்யாணம் முடிந்தவள், வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் ஒளிந்துகொள்ளவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடையில், ரோட்டைப் பார்க்கிற மேஜையில்தான் உட்காருவார்கள்.

அண்ணனின் கடைக்கு மோட்டார் கொண்டுவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பழகிப் பாக்காங்களாம் என்று போய்ச் சொல்லிவிட்டார். அவன் நேராக என் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர்கள் போகும் வரை காத்திருந்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டான்.

"எங்கிட்டக் கேக்காதண்ணே," என்றேன்.

பொய் சொல்லத் தெரிந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, நான் அப்படிச் சொன்னதே அவனுக்குப் பதிலாகிவிட்டது. பழகிப் பார்ப்பதற்கு இதென்ன புதுச் செருப்பா என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். கோபம் என்று சொல்லமுடியாது. அவனுக்கு நிஜமாகவே பயம். பிறகு அவனுக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். விசாரித்தான். அந்த வாத்தியாரின் ஊரான கோவில்பட்டிக்கு இரண்டு மூன்று தடவை போய்வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மதினியும் அவள் வீட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. அண்ணன் கேட்டைத் திறந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மதினி எழுந்துபோய், அங்கேயே இருங்க, நான் வருகிறேன் என்றாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றான் என் அண்ணன். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருவரும் பேசுவது நன்றாகக் கேட்டது.

அந்த மனிதருக்கு முன்பு குடிப்பழக்கம் இருந்தது, நிச்சயம் பண்ணின ஒரு கல்யாணம் அதனாலேயே நின்றுபோனது, இப்போது விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள், ஆனால் நம்பமுடியாது. இதுதான் அவன் கொண்டுவந்த செய்தி. யார் யாரைக் கேட்டான் என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். மதினி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி வரை கேட்டாள்.

"சொல்லி முடிச்சாச்சா?"

"உன்... உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"தெரியுது. கெட்ட எண்ணத்துல வரலைன்னு எனக்குத் தெரியும். ஆனா இனி வராதீங்க. நான் யார்கூடப் பழகுதேன், யார்கூட வெளிய போறேன், கல்யாணம் பண்ணுதேனா பண்ணலையா, இதுல ஒண்ணுகூட உங்க சோலி இல்ல. நீங்க விசாரிக்கக் கூடாது. யாராவது வந்து சொன்னாலும் எங்கிட்டக் கொண்டுவரக் கூடாது."

"அப்போ நீங்க கிணத்துல விழுந்தாலும் நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"விழுந்தா கூப்பிட எனக்கு ஆளு இருக்கு. நீங்க அதுல இல்ல."

அதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. அண்ணன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காதோரம் வியர்வை வழிந்தது. அவள் உள்ளே வந்து ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவன் முழுவதும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனான்.

திரும்பி வந்து உட்கார்ந்த மதினியால் மொச்சை உரிக்கமுடியவில்லை. தோலை உரிக்கப் போய்ப் பருப்பை நசுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் சுலபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறவியிலேயே அப்படி, நமக்குத்தான் வராது என்று.

"ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டுத்தான் சொல்லுதேன் கோமு," என்றாள். "கெட்டவன்னா கதவைச் சாத்திட்டுப் போயிறலாம். உங்க அண்ணன் நல்ல மனுஷன். நல்ல மனுஷங்கிட்ட சொல்லுததுதான் பாடு."

நான் அவள் முன்னால் இருந்த மொச்சையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மிச்சத்தை நானே உரித்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பழக்கம் நின்றுபோனது. மதினி ஜூஸ் கடைக்குப் போவதில்லை. என்ன நடந்தது என்று என்னிடம் சொல்லவில்லை. நான் போகும்போதெல்லாம் வீட்டில் எதையாவது தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்படிச் சுவர், ஸ்கூட்டர், பழைய பாத்திரங்கள் என்று ஒன்று மாற்றி ஒன்று. நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கூட உட்காருவேன். ஒரு நாள் கழுவிக்கொண்டிருந்தபடியே அழுதாள். காரணம் அன்றைக்கும் வரவில்லை.

செய்தி அண்ணனுக்கும் போயிருந்தது. பொறுக்கமுடியாமல் அவளுக்கு, நல்ல முடிவு என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். பதில் வந்ததும் என் கடைக்கு வந்து போனைக் காட்டினான். 'முடிவு என்னுடையது. நீங்க சொன்னதுக்காக இல்ல. நீங்க சந்தோஷப்பட இதுல ஒண்ணும் இல்ல.' அவ்வளவுதான் இருந்தது.

"நான் சந்தோஷமா பட்டேன்?" என்று என்னிடம் கேட்டான்.

"உன் மூஞ்சியப் பாத்தா அப்படித்தான்ணே இருக்கு," என்றேன்.

அவன் கடை வாசல் கண்ணாடியில் தன் முகத்தை நிஜமாகவே பார்த்தான். பிறகு போய்விட்டான். அவனுக்கு அது எங்கே உறைத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உறைத்தது. அடுத்த முறை நான் அவன் கடையில் இருந்தபோது, முன்பு ஜூஸ் கடைச் செய்தியைக் கொண்டுவந்த அதே ஆள் மோட்டார் எடுக்க வந்து, உங்க பழைய வீட்டம்மாவை நேற்றுத் தென்காசியில் ஒருத்தரோடு என்று ஆரம்பித்தார். அண்ணன் சட்டென்று எழுந்து, பழுது பார்த்து வைத்திருந்த மோட்டாரின் சுவிட்சைப் போட்டுவிட்டான். கடையே அதிர்ந்தது. அந்த ஆள் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் காதில் கையை வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று சைகை செய்தான். அவர் சலித்துப்போய் நிறுத்தும் வரை மோட்டாரை நிறுத்தவில்லை. முகத்துக்கு நேராக மறுக்கத் தெரியாதவன் கண்டுபிடித்த வழி அது. மதினியிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அவன் செய்தி அங்கே போகக்கூடாதே, அதனால் சொல்லவில்லை.

பிறகு அண்ணனுக்கே ஒரு இடம் வந்தது. கரிவலத்தில் ஒரு பெண். அங்கன்வாடி டீச்சர். முதல் கல்யாணம் முறிந்து அப்பா வீட்டில் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது. அண்ணனுக்கும் பிடித்திருந்தது. இருந்தாலும் அவனுக்கு ஒரு வார்த்தை மதினியிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. எந்தக் காரியத்தையும் அவளிடம் கேட்டுச் செய்தே பழகியவன். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் போன் போட்டானாம். அவள் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறாள். அந்தப் பெண்ணைப் பற்றித் தன்னிடம் பேசக்கூடாது, நாளைக்கு அவளுக்குத் தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் அதை என்னிடம் சொல்லிவிட்டு, அது எனக்குத் தோணலை பாத்தியா என்றான்.

கல்யாணப் பேச்சு நிச்சயத்துக்குப் போகும் முன்னால், அந்தப் பெண் தனியாக என் கடைக்கு வந்தாள். கரிவலத்திலிருந்து பஸ் ஏறி, யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தாள். அண்ணனின் முதல் மனைவியைப் பார்க்கவேண்டும், கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று கேட்டாள். மதினிக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். வரச் சொல்லு, நீயும் கூட இரு என்றாள்.

அண்ணனுக்கும் நான் சொன்னேன். அவனுக்கும் தெரியத்தான் வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொல்லச் சொன்னாள். கடைச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு, போயிட்டு வாங்க என்றான். அவ உள்ளதைத்தான சொல்லுவா என்றான். அந்த உள்ளது என்ன என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அதனாலேயே அவன் குரல் அவ்வளவு இறங்கிப்போயிருந்தது என்று நினைக்கிறேன்.

மதினி எங்களை உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். அந்தப் பெண் காபியைக் கையில் வைத்திருந்தாளே தவிர குடிக்கவில்லை. மதினியே ஆரம்பித்தாள்.

"நீ வந்ததுல எனக்கு வருத்தம் இல்லம்மா. ஆனா அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நாங்க பிரிஞ்சது எங்க ரெண்டு பேரோட சோலி. அத வேற யாருக்கும் சொன்னதில்ல, உனக்கும் சொல்லமாட்டேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன்கா. கை நீட்டுவாவளா?"

மதினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்ல. ஒரு நாளும் இல்ல. கை ஓங்கினதுகூட இல்ல. இத யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டு, அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். உன்னை யார் அடித்தார்கள், என்ன நடந்தது என்று எதுவும் கேட்கவில்லை. ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். அதை அந்தப் பெண் குடித்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அந்தப் பெண்ணோடு நடந்து போனேன். பாதி வழியில் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, பாத்தீங்களா. எங்க ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கவங்ககூட எங்கிட்டக் கேப்பாங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து, என்ன சொன்னா என்று கேட்டான். கை நீட்டியதில்லை என்று மதினி சொன்னதை மட்டும் அவனிடம் சொல்லலாம் என்று அந்தப் பெண் எனக்கு அனுமதி கொடுத்திருந்தாள். சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏதோ மருந்தின் பெயரைப் படிப்பவன் மாதிரி வெகுநேரம் நின்றான். கடைக்கு வந்தவர்களை என் வீட்டுக்காரர் கவுண்டரின் மறுபக்கமாகவே பார்த்து அனுப்பிவைத்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவளை இப்போது கரிவலத்து மதினி என்று சொல்லுகிறேன். அண்ணனின் கடைக் கணக்கெல்லாம் அவள் கையில்தான். ஊர்க்காரர்களின் வீட்டுக் காரியங்களை அவன் இன்னமும் இழுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறான். ஆனால் ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னால், சரிங்க என்று நிறுத்திக்கொள்கிறான்.

மதினி அதற்கு அடுத்த வருஷம் மாறுதல் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. சாமான் ஏற்றிய வண்டியை அனுப்பிவிட்டு, ஸ்கூட்டரில் தனியாகத்தான் கிளம்பினாள். அம்மா ஒரு பை நிறைய வடகம் கொடுத்தாள். வடகம் எனக்குப் பிடிக்காது அத்தை என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. இத்தனை வருஷமா பிடிக்கும்னுல்லா நினைச்சேன் என்றாள். வேண்டுமா என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே அவள் சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டில் வடகச் சட்டி நடுவில் இருக்கும், அவள் ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை என்பதை யாரும் கவனித்ததே இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் கடையில் இருந்தபோது அவள் போன் வந்தது. ஆடு, மாடு, கடற்கரைக் காற்று எல்லாம் பேசினாள். அண்ணன் பெயர் எங்கள் பேச்சில் வரவில்லை. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒருத்தரோட பழகிப் பாக்கேன் கோமு," என்றாள்.

"சரி மதினி," என்றேன்.

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். யார், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வயசு, முன்னால் கல்யாணம் ஆனவரா என்று அத்தனையும் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. எதையும் வெளியே விடவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "பேரைக்கூடக் கேக்கமாட்டியாட்டி?" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர் என்றாள். வெயிலில் நின்று நின்று கண்ணைச் சுருக்கியே பார்ப்பார், அதனால் எதைச் சொன்னாலும் நம்பாதவர் மாதிரி இருக்கும் என்றாள். முதலில் அது தனக்கு எரிச்சலாக இருந்தது, இப்போது அது இல்லாமல் அவர் முகமே பிடிபடவில்லை என்றாள். அவர் வைத்த மீன்குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லையாம், அதையும் அவரிடம் சொல்லிவிட்டாளாம். பேசிக்கொண்டே போனாள். மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு ஒருவர் கடையில் வந்து நின்றார். செத்த நேரம் இருங்க அண்ணாச்சி என்று கையைக் காட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.